படபடப்பா, பதற்றமா, குழப்பமா? எந்த இடத்தில் எந்தச் சொல்?

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம். ஒரு சொல்லுக்காக ஒரு வாரமாக அல்லாடிக்கொண்டிருக்கிறேன், உதவுங்கள்.

ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் நிரப்பும் படிவத்தின் தமிழைச் சரிபார்த்துத் தருகிறேன். மருத்துவமனை தானே தயாரித்த படிவம் அது. முன்பே யாரோ தமிழாக்கி வைத்திருந்ததில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: "கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்குக் கிளர்ச்சி ஏற்பட்டதா?" காத்திருந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். நான்தான் படித்துக் காட்டினேன். கிளர்ச்சி என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "இந்த வயசுல என்னம்மா கேக்குற" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இல்லைன்னு போட்டுடு" என்றார். போட்டேன்.

மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதில்லம்மா, மனசு ஒரு நிலையில இல்லாம அலைபாயுதான்னு கேக்குறாங்க" என்றேன். "அதுவா? ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உட்காந்துக்கறேன். இருப்பே கொள்ளலை. அவர் போனதுலேர்ந்து இப்படித்தான்" என்றார். இதற்குத்தான் ஐந்து நிமிடம் முன்பு "இல்லை" என்று குறித்திருந்தேன்.

அடுத்த கேள்வி, "குழப்பம் உண்டா?" மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர், "வீட்ல அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பிள்ளைங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்று சொல்லிவிட்டார்கள். குழப்பம் என்றால் குடும்பச் சண்டை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனம் பரிதவிப்பதற்கும் புத்தி குழம்புவதற்கும் நீங்கள் அன்றாடம் என்ன சொல்கிறீர்கள்? அகராதிப் பொருள் என்னிடம் இருக்கிறது. வாயில் வரும் சொல்தான் வேண்டும். முடிந்தால் ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள்.

மெய்ப்பு எழுதியது:

அந்த அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கிளர்ச்சி நல்ல சொல்தான், ஆனால் அதற்கு இன்று இருப்பவை வேறு வேலைகள். ஒன்று, போராட்டம்: விவசாயிகள் கிளர்ச்சி, சிப்பாய்க் கிளர்ச்சி. இன்னொன்று உடல் இச்சை. இந்த இரண்டையும் தாண்டி யாருக்கும் அது மனத் தவிப்பாகக் கேட்காது. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

பதற்றம் போடலாம். ஆனால் அதற்கும் ஒரு செய்தித்தாள் வாடை ஏறிவிட்டது. "பதற்றமான வாக்குச்சாவடிகள்", "எல்லையில் பதற்றம்" என்று படித்துப் படித்து, அது ஊருக்கு வருவது, தனி ஆளுக்கு வருவதில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. வினையாகச் சொன்னால் உடனே உயிர் வந்துவிடுகிறது: பதறிப்போனேன், பதறியடித்துக்கொண்டு ஓடினேன், பதறாமல் சொல்லு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், படிவம் அச்சுக்குப் போகிறது என்பதால். பதட்டம் என்று எழுதாதீர்கள். மாறு என்பதிலிருந்து மாற்றம், ஏறு என்பதிலிருந்து ஏற்றம், தடுமாறு என்பதிலிருந்து தடுமாற்றம். அதே வழியில் பதறு, பதற்றம். ஓடு ஓட்டம், ஆடு ஆட்டம், வாடு வாட்டம் என்ற வரிசையில் பதட்டம் வரவேண்டுமானால் "பதடு" என்று ஒரு வினை வேண்டும். தமிழில் அப்படி ஒன்று இல்லை. பேச்சில் பதட்டம் என்று சொல்பவர்களை நான் திருத்த மாட்டேன், நானே சொல்வேன். அச்சில் மட்டும் பதற்றம்.

நடைமுறை எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? "டென்ஷனாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். படிக்காதவருக்கும் புரியும். பேருந்தில், கடையில், வீட்டில் எல்லாரும் சொல்லும் சொல். தமிழில் ஊறிப்போன சொல்லை வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மக்கள் பேசுவதுதானே மொழி?

செவிலி எழுதியது:

நடைமுறை, நீங்கள் சொல்வதை முழுக்க மறுக்கவில்லை. நானும் நாளுக்கு நூறு தடவை டென்ஷன் என்கிறேன். ஆனால் மருத்துவமனையில் அந்தச் சொல் ஆபத்தானது. அது எல்லாவற்றையும் மூடிவிடும்.

முதல் விஷயம், டென்ஷன் என்பது நம் பேச்சில் பாதி நேரம் கோபம். "டாக்டர் டென்ஷன் ஆயிட்டார்" என்றால் கத்தினார் என்று பொருள். "டென்ஷன் பண்ணாதே" என்றால் எரிச்சல் மூட்டாதே. படிவத்தில் கேட்டால், "நான் யார்மேலயும் கோவப்பட மாட்டேங்க" என்று பதில் வரும்.

இரண்டாவது, நான் நேரில் பார்த்தது. ஒரு நாள் இரவுப் பணியில் ஒரு மகள் வந்து, "அப்பா ரொம்ப டென்ஷனா இருக்கார் சிஸ்டர், தூங்க ஏதாவது குடுங்க" என்றார். போய்ப் பார்த்தால், பெரியவர் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். போர்வையின் ஓரத்தை நூல் நூலாகப் பிரிக்கிற மாதிரி விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மகளைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்கிறார். மகளிடம் கேட்டேன்: "எப்பலேர்ந்து இப்படி?" "நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தார்." அந்த ஒரு பதில்தான் எனக்குத் தேவைப்பட்டது. அதை டென்ஷன் என்று சொல்லவே முடியாது. வயதானவர்களுக்குத் திடீரென்று புத்தி தடுமாறினால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், சோடியமோ சர்க்கரையோ குறைந்திருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மாத்திரையாகவும் இருக்கலாம். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. மருந்து ஏறியதும் சில நாளில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இந்த நிலைக்கு வீட்டார் சொல்லும் சொற்களை இங்கே எழுதுகிறேன், தேன்சிட்டுக்குப் பயன்படும்: "மாத்தி மாத்திப் பேசுறார்", "சம்பந்தமில்லாம பேசுறார்", "ஆள் தெரியலை", "பினாத்துறார்", "நெனப்பு தப்பித் தப்பிப் போகுது". குழப்பம் என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் படபடப்பு. இது நெஞ்சில் இருப்பது. "படபடன்னு வருது" என்று யாராவது சொன்னால் நான் மனசைப் பற்றி முதலில் கேட்பதில்லை. நாடி பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன். சர்க்கரை இறங்கினாலும் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் எல்லாம் வரும். அதைப் பதற்றம் என்று குறிப்பில் எழுதிவிட்டால் அடுத்து வருபவர் தேற்றிவிட்டுப் போய்விடுவார், சர்க்கரையைப் பார்க்க மாட்டார். படபடப்பைப் படபடப்பு என்றே எழுத வேண்டும்.

மயக்கமும் வேண்டாம். எங்களிடம் மயக்கம் என்றால் தலை சுற்றிக் கீழே விழுவது மட்டும்தான்.

பனங்கூடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவன். எங்கட பக்கத்தில் இதற்கு அந்தரம் என்று ஒரு சொல் இருக்கு. "அந்தரப்படாதேங்கோ" என்றால் பதறாதீர்கள், அவசரப்படாதீர்கள், இரண்டும் சேர்ந்ததுதான். "ஒரே அந்தரமாக் கிடக்கு" என்றால் மனம் நிலைகொள்ளவில்லை என்று பொருள். "அந்தரம் ஆபத்துக்கு உதவுகிற மனுசன்" என்றும் சொல்லுவோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு "அந்தரமா இருக்கு" என்று எழுதினேன், அவர் நான் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டார். உங்களுக்கு அந்தரம் என்றால் நடுவானம்தானே. யோசித்தால் அவர் விளங்கிக்கொண்டதும் பிழையில்லை. கால் தரையில் படாமல் நிற்கிற நிலைதான் அது.

பதகளிப்பு என்றும் ஒன்று உண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தினால் தாய் பதகளிச்சுப் போவா. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பா. பதறுவது ஒரு கணம், பதகளிப்பது இழுபட்டுக்கொண்டே போவது. எனக்கு அப்படித்தான் படுகுது.

குழப்பம் பற்றித் தேன்சிட்டு அக்கா எழுதியதைப் படித்தபோது நினைவு வந்தது. எங்களிடம் குழப்படி என்றால் பிள்ளைகளின் குறும்பு. "குழப்படி செய்யாதை" என்று சொல்லாத தாய் இல்லை. அதனால் அந்தப் படிவம் எங்கட ஆட்களிடம் போனால் குழப்பம் இன்னும் வேறு பக்கம் போகும்.

கரும்பலகை எழுதியது:

முப்பது வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தவன். சின்னப் பிள்ளைகள் தங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்ல மாட்டார்கள், கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் இதற்கு எவ்வளவு நுட்பமாகச் சொல் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

திருதிருவென்று விழிப்பவன் மாட்டிக்கொண்டவன். வீட்டுப்பாடம் எழுதவில்லை, கேள்வி அவன் பக்கம் வந்துவிட்டது. அவனுக்கு நடப்பது எல்லாம் தெரியும், தப்பிக்க வழிதான் தெரியவில்லை. பேந்தப் பேந்த விழிப்பவன் வேறு. அவனுக்கு என்ன கேட்டார்கள் என்பதே புரியவில்லை. மலங்க மலங்க விழிக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு நொடியில் அழுகை வரும். முதல் நாள் அம்மா கையை விட்டுவிட்டு வகுப்புக்குள் நிற்கிற பிள்ளை அப்படித்தான் பார்க்கும். மிரள மிரளப் பார்க்கிற பிள்ளையைத் தொடவே கூடாது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேச வேண்டும்.

நான்கையும் "குழப்பமாகப் பார்த்தான்" என்று எழுதினால் போச்சு. திருதிரு என்று விழிப்பவனிடம் உண்மையைக் கேட்கலாம். பேந்தப் பேந்த விழிப்பவனிடம் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். மலங்குகிற பிள்ளைக்குத் தேவை ஒரு கை. சொல் சரியாக இருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். படபட, பரபர இரண்டையும் கலந்துவிடாதீர்கள். பரபரப்பு கை காலில் இருப்பது: "கை பரபரங்குது", ஏதாவது செய்தே ஆகவேண்டும். அதில் ஆசையும் இருக்கலாம். தேர்வு முடிவு நாளில் காலையில் பிள்ளைக்குப் பரபரப்பு, பலகையில் எண்ணைத் தேடும்போது படபடப்பு, எண் இல்லை என்றதும் வெலவெலத்துப் போகிறது. மூன்றும் ஒரே பிள்ளை, அரை மணி நேரத்துக்குள்.

மெய்ப்பு எழுதியது:

கரும்பலகை ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். கண் பற்றிய அந்தப் பத்தியை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அவர் காட்டியது பழைய வழியும்கூட. தொல்காப்பியத்தில் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. மெய்யில் படுவது மெய்ப்பாடு, அதாவது உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. நகை, அழுகை என்று தொடங்கும் எட்டில் ஒன்று மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கு காரணத்தால் மருட்கை வரும் என்கிறது. வியப்பும் திகைப்பும் அங்கே பிரியாமல் ஒரே சொல்லில் இருக்கின்றன. அந்த எட்டுக்கு அப்பால் இன்னும் 32 சொல்லப்படுகின்றன. அந்த வரிசையில் விரைவு, ஐயம், வியர்த்தல், நடுக்கு, கையாறு எல்லாம் உண்டு. கையாறு என்றால் செயலற்றுப் போவது. இன்றைக்கு நாம் "கையும் ஓடலை காலும் ஓடலை" என்கிறோமே, அந்த நிலைக்குப் பக்கத்தில் வருகிற சொல்.

என்னை மிகவும் பிடித்து வைத்திருப்பது வேறொரு விஷயம். நம்மிடம் குழப்பத்துக்கு இருக்கும் பெரும்பாலான சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கலங்குதல், குழம்புதல், மயங்குதல், தத்தளித்தல், கொந்தளித்தல், அலைபாய்தல். கலங்குவது நீர். குழம்புவது பல பொருள் சேர்ந்து கூழாவது. மயங்குதல் என்றால் கலத்தல். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்பது மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதுதான், யாரும் மயங்கி விழுவதில்லை. மற்ற மூன்றும் வெள்ளமும் அலையும். ஆக, மனம் நமக்கு ஒரு பாத்திரத்து நீர். சேறு கிளம்பினால் கலக்கம், அடங்கினால் தெளிவு.

அப்புறம் தேறுதல். "தேறுதல் சொல்லிவிட்டு வந்தேன்" என்று துக்க வீட்டுக்குப் போய்வந்து சொல்கிறோம். அந்தத் தேற்றுதல், கலங்கல் நீரைத் தெளியவைப்பதற்கும் உள்ள சொல். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசி, அதில் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகையில் மனம் கலங்கிய ஒருத்தி, இந்தக் கொட்டையால் தெளிந்த நீரைப் போலத் தெளிந்தாள் என்று ஓர் உவமை வருகிறது. செவிலி அம்மா மேலே போகிற போக்கில் "தேற்றிவிட்டுப் போய்விடுவார்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

சொற்கள் இடம் மாறுவதையும் மறக்கக் கூடாது. "ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று இன்றும் சொல்கிறோம். அந்தத் தொடரில் ஆத்திரம் என்பது பரபரப்பு. தனியே சொன்னால் அதே ஆத்திரம் கோபம். டென்ஷனும் அதே வழியில்தான் போயிருக்கிறது. "கலக்கிட்டே!" என்றால் பாராட்டு. மிரள் என்பதன் பிறவினை மிரட்டு, அது இப்போது குற்றம்.

நடைமுறை எழுதியது:

டென்ஷன் பற்றிச் செவிலி சொன்னதை ஏற்கிறேன். கோபம் என்ற பொருளை நான் யோசிக்கவில்லை. பேச்சில் விட மாட்டேன், படிவத்தில் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம் சொல்கிறேன். மொழிபெயர்ப்புத் துறையில் இருக்கிறேன், சொல்லைவிட வாக்கிய அமைப்பு அதிகம் கெடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். "நீங்கள் குழப்பமாக இருக்கிறீர்களா?" என்று பல படிவங்களில் வருகிறது. தமிழில் இந்த உணர்வுகள் நமக்கு வருபவை. எனக்குப் படபடப்பாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை, எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வினையாகச் சொன்னால் மட்டும்தான் நான் வரும்: நான் பதறினேன், தவித்தேன், தடுமாறினேன், குழம்பிப்போனேன். "நீங்கள் குழப்பமாக இருக்கிறீர்கள்" என்றால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் விளங்காத ஆள் என்பதுபோல் ஒலிக்கிறது. நோயாளியிடம் அப்படிக் கேட்கக் கூடாது.

இரண்டாவது, எச்சரிக்கை. உங்கள் படிவம் மருத்துவமனையே தயாரித்தது என்றீர்கள், நல்லது. ஆனால் ஜிஏடி-7 (மனப்பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாள்) மாதிரி தரப்படுத்திய கேள்வித்தாளை இப்படி இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2006-இல் வெளிவந்தது அது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஒரு சொல் இறங்கினாலோ ஏறினாலோ மதிப்பெண்ணே மாறிவிடும். அப்படிப்பட்டதற்கு ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒப்பிட்டு, பிறகு நோயாளிகளிடம் சோதித்துத்தான் பயன்படுத்துவார்கள். அதிலும் ஐந்தாவது கேள்வி, ஓரிடத்தில் உட்கார முடியாத அளவு அமைதியின்மை பற்றியது. நீங்கள் எழுதிய அந்த அம்மா சொன்ன "இருப்பே கொள்ளலை" அதுவேதான். முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவர் சொன்னதைவிடச் சரியாக யாராலும் மொழிபெயர்க்க முடியாது.

பனங்கூடல் எழுதியது:

"இருப்புக் கொள்ளேல்லை" என்று நாங்களும் சொல்லுவோம். அது கடலுக்கு இந்தப் பக்கமும் செல்லும். தயங்காமல் போடுங்கோ அக்கா.

தேன்சிட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அழுகையே வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். இவ்வளவு பேர் ஒரு படிவத்துக்காக உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இப்படி மாற்றியிருக்கிறேன். கிளர்ச்சி இருந்த இடத்தில்: "ஓரிடத்தில் உட்கார முடியாமல், இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறீர்களா?" தனியாக இன்னொரு கேள்வி: "நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதா?" குழப்பம் இருந்த இடத்தில் இரண்டாகப் பிரித்தேன். நோயாளிக்கு: "என்ன செய்வது என்று புரியாமல், ஒன்றும் ஓடாமல் போகிறதா?" உடன் வந்தவருக்கு: "இவர் திடீரென்று மாற்றி மாற்றிப் பேசுகிறாரா? ஆள் தெரியாமல் பேசுகிறாரா? எப்போதிலிருந்து?" அந்த "எப்போதிலிருந்து" செவிலி அக்காவிடமிருந்து எடுத்தது.

நேற்று அந்த அம்மா மருந்து வாங்க வந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். புதுத் தாளைக் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இருப்புக்கொள்ளாமல் என்ற இடத்தில் விரல் நின்றது. "ஆமா" என்று அவரே டிக் போட்டார். அப்புறம் என்னிடம் பேனாவைத் தராமல் பக்கத்தில் இருந்த இடத்தில் "ராத்திரி மட்டும்" என்று எழுதினார்.

செவிலி எழுதியது:

அந்த இரண்டு சொல்லுக்கு இடம் விட்டு வைத்தீர்களே, அதுவே போதும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அப்படி ஒரு வரி காலியாக விடுங்கள். டிக்கைவிட அந்த வரியைத்தான் நாங்கள் முதலில் படிப்போம்.

மெய்ப்பு எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம். "படபடவென்று அடித்துக்கொள்கிறதா" என்பதில் வரி உடையும்போது "பட" ஒரு வரியிலும் "பட" அடுத்த வரியிலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. அச்சகத்தாரிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.